பதினோராவது கட்டம்

செய்தியை வானொலி அலையின்மேல் எந்த முறையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்குப் பண்பேற்றம் என்று பெயர். அலைக் கண்காணிப்பு அலுவலகத்தின் படிவத்தில் அதற்குப் பத்துக் கட்டங்கள் உண்டு. பதினோராவது முறையில் செய்தி அனுப்பும் துணிச்சல் உலகில் யாருக்கும் வராது என்பது அலுவலகத்தின் உறுதியான நம்பிக்கை.

ஆராய்ச்சி மாணவி மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிய மென்பொருள், இரைச்சலுக்கு நடுவிலும் அந்த முறையைத் தானாகவே கண்டுபிடிக்கும். இரைச்சல் மிஞ்சினால் மட்டும் ‘தெரியவில்லை’ என்று சொல்லும். அந்த ஒரு சொல்லில்தான் அவளுக்குப் பெருமை. அலுவலக இயக்குநர் கையெழுத்துப் போட்டால் பட்டம்; இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் விடுதிச் சாப்பாடு.

சோதனை, காலை பதினொரு மணிக்கு இயக்குநர் அறையில். நின்று வேலை பார்த்தால் ஆயுள் கூடும் என்று எங்கோ படித்தவர், பொத்தானைத் தொட்டால் ஏறி இறங்கும் மோட்டார் மேசை ஒன்றை வாங்கியிருந்தார். தினசரி வழக்கப்படி சரியாகப் பதினொன்றுக்கு மேசை ஏறியது. திரையில் ‘தெரியவில்லை’ என்று வந்தது.

“என்னம்மா இது?”

“இது சிக்னலே இல்லாம இருக்கலாம் சார். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுதானே நேர்மை?”

“நேர்மைக்கு எந்தக் கட்டம்? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு ஃபைல்லகூட நான் தெரியலைன்னு எழுதினதில்லை. எல்லாம் தெரிஞ்சா எழுதினேன்?”

“அப்ப பதினோராவது கட்டம் போடுங்க சார்.”

“படிவத்தைத் திருத்த மேலிடம் ஒப்புதல் தரணும். உன் புரோகிராமைத் திருத்த நீ ஒருத்தி போதும்.”

இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் திருத்தினாள். இனி தெரியாவிட்டால் மென்பொருள் பத்தில் ஒன்றைச் சொல்லும், தொண்ணூற்றெட்டு சதவீத உறுதியோடு. அந்தத் தொண்ணூற்றெட்டை அவளே தட்டெழுதிச் சேர்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் பதினொன்றுக்கு ‘ஏழாம் வகை’ சிக்னல் வந்தது. மர்ம நிலையம்! அதைப் பிடிக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட தனிப்பிரிவு அமைந்தது. ஊழியர் ஆரோக்கியம் கருதி அவர்களுக்குப் பன்னிரண்டு மோட்டார் மேசைகள். மறுவாரம் மர்ம நிலையங்கள் பதிமூன்று ஆயின. “பெருகிட்டாங்க பாத்தீங்களா!” என்று மேலும் நாற்பது பேரை எடுத்தார் இயக்குநர். நாற்பது மேசைகளும் வந்தன.

ஒருநாள் தனிப்பிரிவு ஆபரேட்டர் அக்கா பேசிக்கொண்டே மேசையை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற மாணவியின் கண்முன்னே திரையில் ஏழாம் வகை துள்ளியது.

“அக்கா, அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அமுக்குங்க.”

மோட்டார் உறும, மேசை இறங்கியது. ஏழாம் வகை மறுபடி துள்ளியது.

“அடிப்பாவி!” என்று வாயைப் பொத்திக்கொண்டார் அக்கா. “வெளில சொல்லித் தொலைச்சிடாதடி. எனக்கு நேத்துதான் வேலை நிரந்தரமாச்சு.”

அவள் கேட்கவில்லை, நேரே இயக்குநரிடம் ஓடினாள். அவர் முழுதும் கேட்டார். மேசையை மெல்ல இறக்கினார். அதன்மேல் அவளுடைய பட்டச் சான்றிதழ்த் தாள். பேனா முனை கையெழுத்துக் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

“என் அறிக்கையில ஒரு கேள்விதான் பாக்கி. சிக்னல் எங்கிருந்து வருது? நீ சொல்லும்மா, அப்படியே எழுதிடறேன். ஐம்பத்திரண்டு குடும்பம் உன் வாயைத்தான் பாத்துக்கிட்டிருக்கு.”

அவள் பேனா முனையையே பார்த்தாள்.

“தெரியலை சார்.”

“இப்பதான் நேர்மையாப் பேசறே!” கையெழுத்து விழுந்தது.

அடுத்த மாதம் புதிய படிவம் அச்சாகி வந்தது. அதில் பதினோராவது கட்டம் இருந்தது: ‘நிலையம் இருக்கும் இடம் – தெரியவில்லை.’ நிரப்புகிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, டிக்கும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்.