மட்டைக்கு எண்ணெய் முழுக்கு

"அவருடைய கை எவ்வளவு நீளம்?" என்று கடைக்காரப் பெண் ஷெறோன் கேட்டதும் குகதாசன் திகைத்துப்போனார். வருங்கால மருமகனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கையின் நீளமும் அதில் சேரும் என்று நினைத்திருக்கவில்லை.

பேஸ்போல் மட்டையைத் தெரிவு செய்ய ஒரு முறை உண்டாம். மட்டையின் அடியை நெஞ்சுக்கு நடுவில் வைத்துக் கையை நீட்டினால் விரல்கள் நுனியைப் பிடிக்க வேண்டும். மரமட்டை என்றால் இன்னும் கவனம் வேண்டும். நீளம் கூடினால் பாரமும் கூடிவிடும், சுழற்ற முடியாது.

"ஆளையே கூட்டிக்கொண்டு வாருங்களேன்" என்றாள் ஷெறோன்.

அதுதானே முடியாது. ஆளோடு பேச்சுவார்த்தை இருந்தால் அல்லவா கூட்டிக்கொண்டு வரலாம்!

ஆள், பவித்திரன். மலேசியத் தமிழன், கணக்காளன், ஆறடி உயரம். மகள் மிதுஷா அவனை முதன்முதலாக இல்ஃபோர்ட் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, "ஏன் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பெடியள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று அவன் முன்னாலேயே கேட்டுவிட்டார். கேட்ட கணமே மனம் கூசியது. ஆனால் அதற்குப் பிறகு எட்டு மாதமாக, "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்பதைத் தாண்டி ஒரு சொல் வரவில்லை.

போன கிழமை மிதுஷா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, நீங்கள் அவரோடை மனுசர் மாதிரிக் கதைக்காட்டில், நாங்கள் கவுன்சிலிலை போய்க் கலியாணத்தை எழுதிப்போட்டு வந்திடுவம். மணவறையும் வேண்டாம், சோறும் வேண்டாம். சனிக்கிழமை கடைசி மட்ச். வாறதெண்டால் வாங்கோ."

ஒரே மகள். அவளை மணவறையில் பார்க்காமல் போவதைக் குகதாசனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. வாய் வராத இடத்தில் மட்டை பேசட்டும் என்று முடிவெடுத்தார். பவித்திரன் வரும்போதெல்லாம் தோளில் ஒரு நீண்ட பை, அதற்குள் மட்டைகள். மிதுஷாவும் சனிக்கிழமைகளில் அவனோடு மைதானத்துக்குப் போவாள், கைதட்டத்தான்.

கடையிலிருந்து வீட்டுக்கு வந்து மனைவி செல்வமலரிடம் முறையிட்டார்.

"இதுக்கோ இவ்வளவு யோசனை? வாசல் கொழுவியிலை நீல ஜாக்கெட் தொங்குது. போன ஞாயிறு விட்டிட்டுப் போனது. அதை அளந்து பாருங்கோவன்."

முதுகில் 7 என்று பெரிதாகப் போட்ட ஜாக்கெட். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இஞ்சரப்பா, ஆள் ஆறடி. கை மட்டும் கட்டையாக் கிடக்கு."

"கடவுள் குடுத்தது. அதைப் போய் அவரிட்டைக் கேட்டு வைக்காதேங்கோ."

"நான் ஏன் கேக்கிறன்? பாவம்."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு அந்தப் பையன்மேல் இரக்கம் வந்தது.

அடுத்த நாள் ஷெறோன் அளவைப் பார்த்து முப்பத்தோர் அங்குலம் என்றாள். குகதாசன் ஒவ்வொரு மட்டையையும் தேங்காய் வாங்குவதுபோல் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு, ஒன்பதாவதாக ஒரு மேப்பிள் மட்டையைத் தெரிந்தெடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் பள்ளிக்கூட கிரிக்கெட் அணியில் முதல் ஆட்டக்காரராக இறங்கியவர். புது மரமட்டைக்கு எண்ணெய் பூசாமல் கொடுப்பது அவரைப் பொறுத்தவரை பாவம். வீட்டில் இருந்தது நல்லெண்ணெய்தான்.

"மரம் குடிச்சிடும்" என்று தாராளமாகப் பூசினார்.

மேப்பிள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தூக்கியதும் மட்டை கையிலிருந்து வழுக்கிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவை நெளித்தது.

"ஐயோ மலர், பெடியன் வீசினால் பந்துக்கு முந்தி மட்டையெல்லோ பறக்கும்!"

"தலையிலை வைச்ச எண்ணெய் எதாலை போகும்? சீயாக்காய் போடுங்கோ."

குளியல் தொட்டியில் மட்டைக்கு முழுக்கு நடந்தது. எண்ணெய் போய்விட்டது. ஆனால் நனைந்த மரம் காய்ந்ததும் சிலிர்த்துக்கொண்டு சிராய் சிராயாய் நின்றது. அதற்கு உப்புத்தாள் எடுத்து வந்து தேய்க்கத் தொடங்கினார்.

செல்வமலர் வாசலில் நின்று பார்த்தாள். "மிதுஷா பத்து வயசிலை ஒரு மட்டை கேட்டு அழுதவள். பொம்பிளைப்பிள்ளைக்கு ஏன் எண்டு வயலின் வாங்கிக் குடுத்தனீங்கள். அந்த வயலினைத் துடைக்கக்கூட இப்பிடி மினக்கெடேல்லை."

"பழசைக் கிண்டாதை. துணியொண்டு தா."

மட்டை வழுவழுப்பாக வந்தது. ஆனால் அதில் பதித்திருந்த கம்பனி முத்திரையும் தேய்ந்து போய்விட்டது. முத்திரையால் என்ன பயன் என்று எதற்கும் கேட்டு வைப்போம் எனக் கடைக்குப் போன் எடுத்தார்.

"முத்திரை எப்போதும் மேலே பார்க்க வேண்டும், ஐயா" என்றாள் ஷெறோன். "அந்தப் பக்கத்தால் பந்தை அடித்தால் மட்டை முறிந்துவிடும்."

"முத்திரை இல்லாவிட்டால்?"

"முத்திரை எப்படி இல்லாமல் போகும்? என்ன செய்தீர்கள்?"

"எண்ணெய் வைத்து முழுக வார்த்தேன்" என்று குகதாசன் உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னார்.

போனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். "என்னாலை ஒண்டும் ஒழுங்காச் செய்யேலாது, மலர். வாயைத் திறந்தாலும் பிழை, திறக்காட்டிலும் பிழை. பிள்ளை என்னை விட்டுப் போகப்போறாள்."

செல்வமலர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனை நீட்டினாள். மட்டை வந்த அன்று ரொறொன்ரோவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிய படம் அதில் இருந்தது. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு மரத்தின் வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, முத்திரை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் அவள் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்தாள்.

"இனிப் பொட்டு மேலை பாக்க அடிக்கச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை மைதானத்தில் பவித்திரன், ஆட்டக்காரர் உட்காரும் வாங்கிலின் பக்கத்தில் பையோடு நின்றான். குகதாசன் மட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். செல்வமலர் மட்டன் ரோல்ஸ் பெட்டியோடும் பிளாஸ்க்கோடும் பின்னால் வந்தாள்.

"தம்பி, அண்டைக்கு நான் கேட்டது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளும். இது உமக்கெண்டு பாத்துப் பாத்துத் தெரிஞ்செடுத்தது."

பவித்திரனின் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ் அங்கிள்" என்று மட்டையை வாங்கி, அளவு பார்ப்பதற்காக நெஞ்சில் வைத்துக் கையை நீட்டினான். விரல்கள் நுனியைத் தாண்டி அரை அடி வெளியே போய் நின்றன.

குகதாசன் அந்தக் கையை மேலும் கீழும் பார்த்தார். கட்டைக் கையா இது?

"உம்மடை ஜாக்கெட்டைத்தானே தம்பி அளந்தனான். நீலம். ஏழாம் நம்பர்."

செல்வமலர் பிளாஸ்க்கைத் திறக்கிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பவித்திரன் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். தலையில் ஹெல்மெட்டோடு ஓடிவந்துகொண்டிருந்த ஏழாம் நம்பரிடம், பொட்டு மேலே பார்க்க மட்டையை நீட்டினான்.

"நான் சும்மா பைய தூக்கிட்டு வர்ற ஆளு அங்கிள். அடிக்கிறது உங்க பொண்ணு."