மாமா வாங்கித் தந்த புலி

கோவில்பட்டியில் செல்போன் கடையையும் செல்வாக்கையும் ஒருங்கே நடத்திவரும் மதிப்பிற்குரிய தங்கதுரை மாமா அவர்களுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து மருமகள் சங்கரி பணிவுடன் வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, தேய்ப்புப் பெட்டி எல்லோரும் நலம். அங்கே தாங்களும் அத்தையும் கடையிலுள்ள செல்போன்கள் யாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தாங்கள் வாங்கித் தந்த மீனின் நலத்தை மட்டும் ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் "மாமா" என்று ஆரம்பித்ததுமே தாங்கள் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். தாங்கள் முடிக்கும்போது நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தச் சிரமம் இல்லை. மலையாளத்தில் எழுதினால் எனக்கு வேகமாக வரும். ஆனால் அந்த எழுத்து ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது என்று தாங்கள் சொல்லிவிட்டதால், துணிப் பொட்டலம் கட்ட வாங்கும் பழைய தமிழ்ப் பேப்பர்களைப் படித்துக் கற்றுக்கொண்ட தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பேப்பர்காரர்களைத் திட்டவும்.

விஷுவுக்குத் தாங்கள் வந்திருந்தபோது, அம்மா துவைத்துத் தேய்த்த விரிப்புகளை வாங்கிப் போக வந்த ஹோம்ஸ்டேக்காரரிடம் பொட்டலத்தை நீட்டிவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதைப் பார்த்துவிட்டீர்கள். "மகா, இந்தப் புள்ளைக்கு வாயே இல்லையேம்மா! ஸ்கூல்ல எந்திரிச்சு நின்னு வாசிக்கச் சொன்னாங்கன்னு படிப்பையே விட்டுட்டா. இப்படியே விட்டா கதவுக்குப் பின்னாலயே கிழவியாயிடுவா" என்று அம்மாவிடம் சொல்லி, அன்று சாயங்காலமே என்னை யூசுப் இக்காவின் மீன் கடைக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே கண்ணாடிக் குடுவைகளில் எத்தனையோ சண்டை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. தாங்கள் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மூலையில் அசையாமல் கிடந்த சிவப்பு மீனைக் காட்டி, "அடக்கமா இருக்கான் பாரு, இவன்தான் ஆபத்தானவன்" என்றீர்கள். யூசுப் இக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாங்கள் அவருக்கும் தன்னம்பிக்கையைப் பற்றிச் சொன்னீர்கள். பிறகு மீனுக்குப் புலி என்று பெயர் வைத்து, "எதிரியைக் கண்டா எப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறான்னு தினமும் பாரு, உனக்கும் தைரியம் வரும். வரலைன்னா ஆவணி பொறந்ததும் நானே வந்து கூட்டிட்டுப் போய் நம்ம கடைக் கல்லாவுல நிறுத்திடுவேன்" என்று கட்டளையிட்டுவிட்டு ரயில் ஏறினீர்கள். அன்றிலிருந்து என் தைரியம் ஒரு மீனின் தைரியத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மாமா, அந்த மீனுக்கு அன்று முதல் எழுந்திருக்கவே மனமில்லை. தங்கள் உத்தரவுப்படி காலையும் மாலையும் கண்ணாடி காட்டினேன். மற்ற மீன்கள் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று சீறுமாம். இது பார்த்துவிட்டு, நம்மைப் போலவே இன்னொரு பாவம் என்று நினைத்ததோ என்னவோ, கண்ணாடிப் பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது. "புலி, எழுந்திரு!" என்று உரக்கக் கத்தச் சொல்லியிருந்தீர்கள். எனக்குக் கத்த வராது, காதோடு சொன்னேன். மீனுக்குக் காது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் குடுவையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சொன்னேன். இதைப் பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். மறுநாள் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து, சாயா குடிக்கும் நேரம் வரை நின்று மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓமனா சேச்சி மட்டும் உட்கார்ந்து நன்றாகப் பார்த்து, "தின்னுறதுண்டோ? அப்போ ஒரு குழப்பமும் இல்ல மோளே. என்றெ ஆளும் பென்ஷன் ஆனதிலிருந்து இதே கிடப்புதான்" என்று தன் கணவரை உதாரணம் காட்டித் தைரியம் சொன்னார். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் இத்தனை வருஷமாகியும் தினக்கூலிதான் என்பது தங்களுக்குத் தெரியும். அவர் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "நமக்குக் கிடைக்காத பெர்மனென்ட் இவனுக்குக் கிடைச்சிருக்கு, அதான் படுத்திருக்கான். எழுப்பாதே, மெமோ குடுத்துருவான்" என்றார்.

பிறகுதான் அந்தப் பெரிய விபத்து. மழைக்காலம் பிடித்ததும் மீன் தீனியையும் நிறுத்திவிட்டதால், அம்மா சந்தைக்குப் போகிற வழியில் யூசுப் இக்காவிடம் விசாரித்திருக்கிறாள். அவர் தண்ணீரில் நீல மருந்து ரெண்டு துளி விடச் சொல்லி, மருந்தை எடுக்கத் திரும்பியிருக்கிறார். அதற்குள் அம்மா, "நீலமா? நம்ம வீட்டுல இல்லாத நீலமா!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வெள்ளை வேட்டிக்கும் ஹோட்டல் விரிப்புக்கும் போடுகிற நீலத்தை எடுத்து, துணிக்கு அளக்கிற அதே கையால் குடுவையில் விட்டிருக்கிறாள். நான் துணி உலர்த்தப் போன இடத்திலிருந்து வந்து பார்க்கிறேன், குடுவைக்குள் மீன் இல்லை, ஒரு குடுவை வானம்தான் இருக்கிறது. அப்பா வேறு, "கூடவே கொஞ்சம் கஞ்சி போட்டா விறைப்பா நிப்பான்ல?" என்று கேட்டபடி கஞ்சித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வருகிறார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று கேட்க எனக்கு நேரமில்லை. மீனை ஒரு சொம்புத் தண்ணீரில் அள்ளிப் போட்டுக்கொண்டு, குடைகூட எடுக்காமல், மிளகுக் கிடங்குகள் இருக்கும் தெரு வழியாக ஓடினேன். சுமை ஏற்றுகிற ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வழக்கமாக அந்தத் தெருவில் நான் சுவரோடு சுவராகத்தான் நடப்பேன்.

கடையில் நல்ல கூட்டம். நான் வாசலில் நின்றபடியே, "இக்கா! மீனுக்கு நீலம் போட்டுட்டாங்க இக்கா! சாகப் போகுது!" என்று கத்தினேன். ஆமாம் மாமா, கத்தினேன். எல்லோரும் திரும்பினார்கள். யூசுப் இக்கா சொம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா மோளே, இது மீனோ முண்டோ? உன்றெ உம்மா அலக்கித் தேய்ச்சு மடக்கியும் தந்தாளோ?" என்றார். முண்டு என்றால் இங்கே வேட்டி, அலக்குவது என்றால் துவைப்பது. கடையே சிரித்தது. ஒரு வெள்ளை வேட்டிக்காரர், "விலாசம் குடு மோளே, நம்ம துணியும் அங்கே போடலாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. "முதல்ல மீனைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மேசைமேல் சொம்பை வைத்தேன். அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பிழைத்துக்கொண்டது. ஓரங்களில் மட்டும் சில நாள் ஊதா நிறம் இருந்தது. அப்போதுதான் அவர் காரணத்தைச் சொன்னார். இது முதலிலிருந்தே நோஞ்சான் மீன், அன்று தங்களிடம் சொல்ல வந்ததும் இதுதானாம்; மற்ற மீன்களைவிட இதற்குச் சூடு வேண்டும், மழைக்காலத் தண்ணீர் ஆகவே ஆகாது, தணுப்பில், அதாவது குளிரில், மரத்துப்போய்க் கிடக்கிறது, சோம்பல் இல்லை. தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவி இருக்கிறதாம். அதன் விலையை அவர் சொன்னபோது மீனே கண்ணை மூடிக்கொண்டது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்த மழையில் துணி எதுவும் தானாகக் காய்வதில்லை, அம்மா தேய்த்துத் தேய்த்துத்தான் காய வைக்கிறாள். சிரட்டைக்கரித் தேய்ப்புப் பெட்டி விடிந்ததிலிருந்து கனன்றுகொண்டே இருக்கிறது. தேய்க்கும் மேசையின் கடைசி ஓரத்தில், தேய்த்த துணிகளை அடுக்கும் பலகையில் கையை வைத்தால் இதமான சூடு. குடுவையை அங்கே, புதிதாகத் தேய்த்த விரிப்பு அடுக்குகளுக்கு நடுவில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் புலி குடுவையைச் சுற்றி வலம் வந்தது. போட்ட தீனியைத் தேடி வந்து தின்றது. அம்மா, "இவன் வண்ணான் வீட்டு மீன்டீ, சூடு இருந்தாத்தான் வேலை செய்வான்" என்று மெச்சிக்கொண்டாள். யூசுப் இக்கா வந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு அம்மாவிடம், தன் கடைத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவதாகவும் தேய்ப்பு வேலை முடிந்த பிறகு என்னை அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். "மீனுங்ககிட்ட இவள் ரொம்பப் பேச வேண்டாமே" என்றார். எனக்குப் பூமியில் இதைவிடப் பொருத்தமான வேலை இருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் அம்மா, "எங்கண்ணன் வேற சொல்லியிருக்காரே. அண்ணன் சொன்னா நான் எப்படி மறுத்துப் பேசுவேன்?" என்றாள். அப்பா, "மச்சான்கிட்ட மறுத்துப் பேசணும்னா முதல்ல அவர் பேச்சை நிறுத்தணுமே" என்றார்.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்கும் பகுதி. போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வீடியோ காலில் வந்தபோது போனை, திரை குடுவையைப் பார்க்கும்படி எதிரே சாய்த்து வைத்திருந்தேன். தாங்கள் சிவப்புச் சட்டையில், மீசையை முறுக்கியபடி, திரை முழுவதும் தெரிந்தீர்கள். "வெற்றிங்கிறது..." என்று தாங்கள் தொடங்கியதும் புலி திரும்பியது. மாமா, கண்ணாடிக்கும் அசையாத அந்த மீன் செவுளை விரித்து, துடுப்பையெல்லாம் சிலிர்த்து, கறுத்துப் போய்த் தங்கள் மூக்குக்கு நேராகப் பாய்ந்தது. தாங்கள் பார்த்துவிட்டு, "பாத்தியா! என் குரலைக் கேட்டதும் எப்படி மரியாதையா எந்திரிச்சு நிக்கிறான்!" என்று மகிழ்ந்து, வழக்கத்தைவிட நெடுநேரம் பேசினீர்கள். தாங்கள் பேசி முடிக்கும்வரை அது கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தது. பிறகு அடியில் விழுந்து மறுநாள் மதியம்வரை எழவில்லை. எங்களுக்குச் சந்தேகம் வந்து சோதித்துப் பார்த்தோம். அப்பாவின் முகத்தைக் காட்டினோம், ஒன்றுமில்லை. தேர்தலுக்கு ஒட்டிய சுவரொட்டியைக் காட்டினோம், அது கொட்டாவி விட்டது. ஓமனா சேச்சி தன் கணவரையே கூட்டிவந்து குனிய வைத்தார். அவரும் மீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து தங்கள் படத்தை எடுத்துக் காட்டியதும் மறுபடியும் பாய்ந்தது. தங்கள் முகத்தைத் தவிர வேறெதையும் அது எதிரியாக எடுத்துக்கொள்ளவில்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தங்கள் செல்வாக்கு மீன்வரைக்கும் எட்டியிருக்கிறது என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

ஆகவே மாமா, ஆவணியில் தாங்கள் நேரில் வருவதைப் பற்றி நாங்கள் மீனின் பக்கம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. திரையில் வந்த முகத்துக்கே அது ஒருநாள் படுத்துவிட்டது. முழு உருவத்தில், குரலோடு, இரண்டு மூன்று நாள் தாங்கள் வீட்டில் நடமாடினால் அந்தச் சின்ன உயிர் தாங்குமா? தாங்களே ஆசையாகத் தேர்ந்தெடுத்த மீன், தங்களாலேயே போய்விட்டது என்ற பெயர் தங்களுக்கு வேண்டாம். என்னைக் கூட்டிப் போகும் விஷயத்தையும் மீனின் உடம்பு முழுமையாகத் தேறும்வரை தள்ளிவைக்கலாம். சண்டை மீன்கள் சில வருஷம் உயிரோடு இருக்குமாம். அதுவரை தங்கள் ஆசியை அங்கிருந்தே, முடிந்தால் முகம் தெரியாமல், அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அத்தைக்கு என் அன்பான விசாரிப்புகள். கடையில் கல்லாவில் நிற்பவருக்கும் என் வணக்கம், அவர் அங்கேயே நீண்ட காலம் நிற்கட்டும்.

தங்கள் பாதம் பணியும் மருமகள்,
சங்கரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் யூசுப் இக்காவிடம் ஒரு தடவை கேட்டேன். மீன் தினமும் கொஞ்ச நேரம் சீறுவது அதற்கு நல்லதாம், தேகப்பயிற்சி மாதிரி. தாங்கள் வீட்டில் இருக்கும்போது குடுவைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினால் போதுமாம். எனவே மீனின் உடல்நிலையைக் காரணம் காட்டி மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தாங்கள் தாராளமாக வரலாம், அது தாங்கும். நான்தான் கோவில்பட்டிக்கு வரமாட்டேன். யூசுப் இக்காவின் கடைக்குப் போகிறேன். தாங்கள் வரும்போது நேரிலும் சொல்ல வேண்டியிருக்குமே என்று, இதையே குடுவைக்கு முன்னால் நின்று சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா துணிமேல் வைத்த தேய்ப்புப் பெட்டியை எடுக்க மறந்து என்னையே பார்த்ததில் ஹோம்ஸ்டே தலையணை உறை ஒன்று கருகிப்போனது. புலி மட்டும் அசையவில்லை.