கழுதை மேல் ஏறிய காயின் போன்

ஒரு காட்டுல, செல்போன் டவர்கூட எட்டிப் பாக்காத காட்டுல, ஆலமரத்தடியில ஒரே ஒரு காயின் போன் தொங்கிட்டிருந்துச்சு. அதை நம்பித்தான் செங்கமலம்னு ஒரு கழுதை உசிரைக் கையில பிடிச்சிட்டிருந்தா. அவ மக உப்பளத்துல வாக்கப்பட்டு நெறமாசம். "வலி வந்ததும் போன் பண்றேம்மா"ன்னு சொல்லியிருந்தா.

இதுக்குள்ள அதே மரத்து ஆந்தை முட்டைக்கண்ணு, போனைக் கழட்டச் சொல்லிப் புகார் குடுத்துட்டான். விசாரணை பண்ண நரி ஆபீசர் வந்தாரு, தொண்டையைச் செருமிக்கிட்டு. வேடிக்கை பாக்கக் காடே கூடிருச்சு.

"பகல்ல ட்ரிங் ட்ரிங்னு ஒரே சத்தம்! தூங்கவே முடியலைங்கய்யா"ன்னான் ஆந்தை.

"பொய்யிங்கய்யா! வாரத்துக்கு ஒருக்கா எம் மவ பேசுவா. அவ்ளோதான்."

"அந்த ஒருக்கா எப்ப அடிக்குமோன்னு வாரம் பூரா முழிச்சிருக்கேனே!"

நரி கண்ணை மூடித் தொறந்தாரு. "சரி. சத்தம் உண்டா இல்லையான்னு நிரூபிக்கணும்ல, அந்த மெய்ப்பிக்கும் சுமை யாரோடது?"

சுமையா? மொத்தக் கூட்டமும் திரும்பிக் கழுதையைப் பாத்துச்சு.

செங்கமலம் முன்னாடி வந்தா. "புகார் சொன்னவருதானுங்களே நிரூபிக்கணும்?"

"அவன் முதுகைப் பாரும்மா, ஒரு வெங்காயம் தாங்குமா? சுமைன்னா உங்க பரம்பரைக்குப் புதுசா? சுமை கழுதையைச் சேர்ந்தது!"

கூட்டம் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. செங்கமலம் காதை மட்டும் ஆட்டினா.

"சுமைன்னா எதுங்கய்யா?"

"இந்த போன் விவகாரம்தான்!" நரிக்குப் பசி.

"போன் மொத்தமுமா?"

"மொத்தமும், மொத்தமும்! சபை கலையலாம்!"

அவ்ளோதான். செங்கமலம் நேரா லைன்மேன் குரங்கு கொக்கிமுத்துகிட்ட போய் நின்னா. "தம்பி, ஆபீசர் ஆர்டரைக் கேட்டேல்ல? சுமை என்னோடதாம். முதுகுல ஏத்து."

குரங்குக்கு ஆர்டர்னா ஆர்டர்தான். கழட்டி ஏத்தி, காட்டோரம் அவ கொட்டாய்க்கு மேல ஓடுற அதே லைன்ல மாட்டிக் குடுத்துட்டுப் போனான். மாட்டின சூட்டோட ட்ரிங்!

"அம்மா! பொட்டைக் குட்டிம்மா! உன்னை மாதிரியே காது!"

செங்கமலம் கத்துன கத்துல ஆலமரத்து ஆந்தை பொத்துனு கீழ விழுந்தான்.

மறுநாள் பட்டப்பகல்ல, கொட்டாய் வாசல்ல வரிசை. முதல் ஆளு யாருங்கறீங்க? முட்டைக்கண்ணுதான்.

"அக்கா, மச்சானுக்கு அவசரமா ஒரு போன் போடணும்."

"வாங்க தம்பி. பகல்ல தூக்கம் வரலியா?"

"அவசரம்க்கா!"

செங்கமலம் நரி மாதிரியே கண்ணை மூடித் தொறந்து, தொண்டையைச் செருமினா.

"அவசரம்னு மெய்ப்பிங்க. அந்தச் சுமை உங்களோடது."

நீதி: நிரூபிக்கச் சொன்னா வாதாடிட்டு நிக்காதே, வழக்கையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரு.