நீல மூடிக்கு வந்த பஞ்சம்

என் மூத்த மகனும் ஒரே மகனுமான உனக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் நான் நலமா இல்லையா என்று சொல்ல வேண்டிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அதைச் சொல்வதற்குக் குழாய் இல்லை என்கிறார்கள். ஆகையால் அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீயும் மருமகளும் நலமாக இருங்கள். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் "சரிம்மா, சரிம்மா" என்று நீ முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து படி.

என் இதயம் தாளம் தப்பி, நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள் உனக்கு நினைவிருக்கும். என் சாப்பாட்டு மேஜையில், என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு நிபந்தனை போட்டாய். "இது சாதாரண மாத்திரை இல்லம்மா. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. கொஞ்சம் கூடினா கசியும், கொஞ்சம் குறைஞ்சா கட்டி தட்டும். மாசா மாசம் டெஸ்ட் எடுக்கணும். ஒரு வருஷம் இப்படி ஓட்டிப் பாப்போம். நடுவுல ஒரு மாசம் தவறினாலும் வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும். சம்மதமா?" மருமகள் சாட்சி. நான் கை கொடுத்தேன். கொடுத்த கையை நான் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டைத் தனியாக ஆண்டு வருகிறேன், சாவியை யாரிடமும் கொடுக்கும் உத்தேசமில்லை என்றுதான் போன மாதம் வரைக்கும் எழுதியிருப்பேன்.

இந்த முறை பரிசோதனைக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி வண்டிகள் நிறுத்துமிடம் வரை நின்றது. என் முறை வந்தபோது, ஊசி போடும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீல மூடி இல்ல பாட்டி" என்றாள். "முதல்ல, நான் உனக்குப் பாட்டி இல்ல. ரெண்டாவது, நான் மூடி கேட்டு வரல. டெஸ்டுக்கு வந்திருக்கேன்" என்றேன். பிறகுதான் விளக்கினாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நிறத்தில் மூடி போட்ட குழாயாம். என்னுடையது நீலம். அதன் அடியில் ஏதோ மருந்து இருக்குமாம். குழாயில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் ரத்தம் நிற்காவிட்டால் கணக்கு தப்பாக வருமாம். அந்தக் குழாய்தான் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லையாம். தண்ணீருக்குப் பஞ்சம் பார்த்திருக்கிறேன், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் பார்த்திருக்கிறேன். மூடிக்குப் பஞ்சம் வந்து இப்போதுதான் பார்க்கிறேன். "சாம்பல் மூடி நிறைய இருக்கும்மா, சர்க்கரை வேணா பாத்துட்டுப் போறீங்களா?" என்றாள், சேலைக் கடையில் வேறு நிறம் எடுத்துப் போடுவது மாதிரி. எனக்குச் சர்க்கரை கிடையாது என்றேன். "அது நீங்க பேசறதுலயே தெரியுதும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர் ஒருவர். அவருக்கும் இதே மாத்திரை. வரிசை முழுக்கச் சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நேராக டாக்டரிடம் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தட்டுப்பாடு தீர்ற வரைக்கும் அவசரம்னா மட்டும் எடுக்கச் சொல்லியிருக்காங்கம்மா. எங்கயாவது ரத்தக் கசிவு இருக்கா?" என்றார். "இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தானே டாக்டர் டெஸ்ட்?" என்றேன். "கசிஞ்சா வாங்க, உடனே எடுத்துடலாம்" என்றார் மலர்ந்த முகத்தோடு. கூரை பற்றி எரியட்டும், பிறகு வாளி தருகிறோம் என்கிற மாதிரி. இந்த மனிதரைத்தான் நீ கெட்டிக்காரர் என்று சொல்லி எனக்குப் பிடித்துக் கொடுத்தாய்.

அடுத்த வாரம், பழைய வார்டு அலமாரியின் பின்னால் ஒரு பெட்டி நீல மூடி அகப்பட்டுவிட்டது என்று சேதி வந்தது. விடிந்ததும் போய்விட்டேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு மகிழ்ச்சியாக நின்றார்கள். ஊசிப் பெண் என் கையில் ரப்பர் கட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தக் குழாயைக் கொஞ்சம் காட்டு" என்றேன். பால் பாக்கெட்டுக்கே தேதி பார்த்து வாங்குகிறவள் நான். போன மாதமே காலாவதி! வாசித்தேன். கத்தவில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கிவிட்டார், அவ்வளவுதான். உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் ஓடி வந்தார். குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மொத்தப் பெட்டியையும் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏற்கெனவே கொடுத்தவர்களின் ரத்தமும் செல்லாது என்றாகிவிட்டது.

அந்தக் கூடத்தில் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "ஏம்மா, கண்ண மூடிக்கிட்டுக் கைய நீட்ட வேண்டியதுதானே? நாங்கல்லாம் நீட்டல?" என்றார் நடத்துனர். தையல்கடை வைத்திருக்கிற ஒரு பெண், "இவங்க வரிசையில நின்னா மழைகூட நின்னுடும்" என்றாள். நான் விடவில்லை. "தப்பான எண் வந்தா தப்பான அளவுல மாத்திரை சாப்பிடுவீங்க, அது பரவாயில்லையா?" என்று கேட்டேன். "இப்ப எண்ணே இல்லாம சாப்பிடப் போறோம்" என்றாள். கையில் கட்டியிருந்த ரப்பரை நானே அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு குண்டு நாய் இருக்கிறதே, எதற்கும் எழுந்திருக்காது என்பதால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதற்குக் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்தது நீல மூடிக் குழாயிலாம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரம்மா போகிற போக்கில் சொன்னார். என் மானத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அந்தக் கால்நடை மருத்துவரிடமும் போனேன். ஒரு பூனைக் கூடைக்கும் ஒரு கட்டுப் போட்ட வாத்துக்கும் நடுவில் உட்கார்ந்தேன். முன்மேஜைப் பெண், "பேஷண்ட் பேர்?" என்றாள். சொன்னேன். "வயசு?" சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அவ்ளோ வருஷம் எந்த நாயும் இருக்காதே ஆன்ட்டி!" மருத்துவர் நல்ல மனிதர். அவரிடம் மிச்சம் இருந்ததே ஒன்றுதான். அதைத் தேதியைக் காட்டியே கொடுத்தார்.

மாதத்தின் கடைசி நாள். குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஊசிப் பெண்ணிடம் போனேன்.

"கோடு வரைக்கும் வரணும். நீதான் சொன்னே."

"தெரியும்மா."

"மெதுவா எடு."

"தெரியும்மா."

"நிக்குதே?"

"நீங்க பேசப் பேச நரம்பு ஓடி ஒளியுதும்மா!"

கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, அனுப்பிப் பாக்கலாம்" என்றாள் தணிந்த குரலில். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். என் வீடு எனக்கு. ஆனால், "அப்புறம் கோடு எதுக்குப் போட்டிருக்கான்?" என்று கேட்டுவிட்டேன். அவள் பெருமூச்சு விட்டுக் குழாயைக் குப்பைக் கூடையில் போட்டாள். வெளியே பெஞ்சில் இருந்த நடத்துனர், "அதுவும் போச்சா?" என்றார். கேலியாக இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

ஆக, மாதம் தவறிவிட்டது. குழாய் கிடைக்காதது உன் குற்றமில்லையே அம்மா என்று நீ பெருந்தன்மை காட்ட வேண்டாம். கை கொடுத்தது கொடுத்ததுதான். சனிக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போ. எனக்குக் கொடுக்கும் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி இருக்கக் கூடாது. என் நாற்காலி வர வேண்டும். எனக்காக மருமகள் உப்பைக் குறைக்க வேண்டாம், நானே குறைத்துக்கொள்வேன். அந்தப் பரிசோதனைக் கூடத்து வாசற்படியை மட்டும் இந்த ஜென்மத்தில் இனி மிதிக்க மாட்டேன். நேற்றுச் சாயங்காலம் வீட்டைச் சுற்றி வந்து ஜன்னல்களைச் சரிபார்த்தேன். சமையலறை ஜன்னலில் உன் அப்பா மாட்டிய கொக்கி இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. அவர் இருந்த காலமெல்லாம் அதற்காக அவரைத் திட்டியிருக்கிறேன். கழற்றி எடுத்து வரலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு விட்டுவிட்டேன்.

மருமகளுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் ரத்தம் கெட்டியாகாமல், நீர்த்தும் போகாமல், கோடு வரைக்கும் அளவாக ஓடட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வாக்குத் தவறாத உன் அம்மா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் நடத்துனர் வந்து நின்றார், ஆட்டோவோடு. புதுப் பெட்டி வந்துவிட்டதாம். ஆனால் ஒருவர்கூடக் கையை நீட்ட மாட்டேன் என்கிறார்களாம். "அந்தம்மா வந்து தேதி வாசிக்கட்டும், அப்புறம் நீட்டறோம்" என்கிறார்களாம். கூட்டிவரச் சொன்னவர் மேற்பார்வையாளர். தையல்கடைப் பெண் எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன். அடுத்த வருடம் வரைக்கும் செல்லும். எல்லோரும் கொடுத்த பிறகு நான் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை, ரத்தம் கோட்டைத் தொட்டு நின்றது. எண்ணும் சரியாக இருக்கிறது, மாத்திரை அளவை மாற்ற வேண்டாமாம். ஆகையால் மேலே நிறுத்தி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன்: இங்கே நான் நலம். இனிமேல் எந்தப் பெட்டி வந்தாலும் என்னிடம் காட்டித்தான் பிரிப்பார்களாம், அதனால் நான் ஊரை விட்டு நகர முடியாது. இன்னொன்று. குழாய்க்குத் தேதி பார்த்த கையோடு உன் நிபந்தனைக்கும் பார்த்தேன். "ஒரு வருஷம் ஓட்டிப் பாப்போம்" என்றாய். நான் மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு வருடம், டெஸ்ட் தவறிய மாதம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. உன் நிபந்தனை காலாவதி. சனிக்கிழமை சாப்பிட வா, பெட்டி தூக்க வராதே. ஜன்னல் கொக்கியைத் தொடாதே.