கழுதையின் பின்பாதிக்கு ஒரு நற்சான்று

எனக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததற்கு என் மதிப்பெண்கள்தான் காரணம் என்று இருபது வருடங்களாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது பொய். நான் மூன்று கிறிஸ்துமஸ் நாடகங்களில் கழுதையின் பின்பாதியாக நடித்ததுதான் காரணம். (பின்பாதி என்ன, முழுக் கழுதைதான் என்று வீட்டில் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்கு அம்மா தலைவி.)

எங்கள் வீடு மாநில எல்லையில் உள்ள பனச்சமூட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கேரளப் பக்கம். வீட்டிலும் சபையிலும் தமிழ். ஸ்கூலிலும் பஸ்ஸிலும் மலையாளம். சண்டை போடும்போது எது முதலில் வாயில் வருகிறதோ அது. தமிழ் எழுத்தை நான் சண்டே ஸ்கூலில்தான் கற்றேன். அதனால் ஜெபத்துக்கு வேண்டிய தமிழ் என்னிடம் தாராளமாக உண்டு, அலுவலகத் தமிழ் சுத்தமாகக் கிடையாது.

நீட் தேர்வெல்லாம் வராத காலம் அது. தமிழ்நாட்டில், வடக்கே ஒரு மிஷன் மருத்துவக் கல்லூரி. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் வரவழைத்துப் பேசிப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். கேரளத்து நுழைவுத் தேர்வில் நான் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தேன். டாக்டர் ஆக வேண்டுமானால் எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி இந்தக் கல்லூரி. அழைப்புக் கடிதத்தைக் கொண்டுவந்தது அப்பா. அவர்தான் எங்கள் ஊர்த் தபால்காரர். வாசலில் நின்று சைக்கிள் மணியை அடித்து, "ரெஜிஸ்டர் உண்டு, ஒப்பு போடணும்" என்று சொந்த மகளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

உறைக்குள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தாள், அதையே தமிழில் சொல்லும் இன்னொரு தாள்.

"இங்கிலீஷ்ல உள்ளதுதான் முக்கியம். அதை நான் பத்திரமா வைக்கேன்" என்று அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார். பத்திரமாகத்தான் வைத்தார். எவ்வளவு பத்திரம் என்றால் அடுத்த நாள் அவராலேயே அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊராருடைய ஒரு போஸ்ட் கார்டைக்கூடத் தவறவிடாத மனிதர், மகளுடைய தாளை மூன்று அறை உள்ள வீட்டுக்குள் தொலைத்துவிட்டார்.

மிஞ்சிய தமிழ்த் தாளைச் சுற்றி நானும் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தோம். நான்காவது வரி இப்படி இருந்தது: பள்ளியிலிருந்து மூடி முத்திரையிட்ட நன்னடத்தைச் சான்று கொண்டுவர வேண்டும்.

இங்கே எங்கள் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் பள்ளி என்றால் சாமி கும்பிடும் இடம். கிறிஸ்தவர்களுக்கு அது சர்ச், முஸ்லிம்களுக்கு மசூதி. படிக்கிற இடம் எங்கள் எல்லோருக்கும், எந்த மொழி பேசினாலும், ஸ்கூல்தான். அதனால் அந்த வரியைப் படித்ததும் எங்கள் மூன்று பேருடைய மனதிலும் வந்து நின்றது சர்ச் மணிக்கூண்டு.

"பள்ளியில உள்ள லெட்டர் கேக்காவ" என்றார் அப்பா.

"மிஷன் காலேஜ் இல்லியா, கேக்கத்தான் செய்வாவ" என்றாள் அம்மா.

"சீல் வேணும்னு போட்டிருக்கு."

"அச்சன்கிட்ட சீல் உண்டு."

அச்சன் என்று நாங்கள் சொல்வது எங்கள் போதகரை. மூன்று பேரில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதிலும் ஸ்கூலில் முதல் மார்க் வாங்கிய எனக்கு. வரவில்லை.

அச்சனுக்கு எழுத்தில் பெரிய ஆசை உண்டு. ஆனால் அதுவரை யாரும் அவரிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று நாள் எடுத்துக்கொண்டார். கடைசியில் அரக்கு வைத்து ஒட்டிய தடித்த உறையை என் கையில் தந்து, "இதைக் கண்ட பிறகு சீட்டு தராம இருக்க முடியாது மக்கா" என்றார். முத்திரையிட்ட உறையை நாங்கள் பிரித்துப் பார்ப்பது தப்பு. தபால்காரர் வீட்டில் அது பெரிய தப்பு.

அம்மா தன்னுடைய பாலராமபுரம் கைத்தறிச் சேலைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துத் தந்தாள். உடுத்திக்கொண்டு உட்காரும்போது அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. நானும் அப்பாவும் ரயில் ஏறினோம்.

நேர்முகம் மத்தியானம் மூன்று மணிக்கு. காலையில் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒரு நீண்ட வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க் நல்ல மனிதர், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவர். அரக்கை உடைத்து உறைக்குள்ளிருந்து நான்கு பக்கங்களை வெளியே எடுத்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னம்மா இது?"

"நன்னடத்தைச் சான்று சார். பள்ளியில இருந்து."

"பள்ளின்னா ஸ்கூல்மா. இது உங்க சபையில எழுதிக் கொடுத்தது." அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. "இப்பெண் பிள்ளைக்குப் பாட்டில் சுருதி கிடையாது, எனினும் சத்தம் உண்டு" என்று மெதுவாக வாசித்தார். மெதுவாக என்றது வேகத்தை, குரலை அல்ல. "மூன்று கிறிஸ்துமஸ் நாடகங்களில் கழுதையின் பின்னங்கால்களாகத் தன்னலமின்றி ஊழியம் செய்துள்ளாள்."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் பட்டணத்துப் பிள்ளைகள். அவர்களுடைய சிரிப்பும் பட்டணத்துச் சிரிப்புதான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காது மடல் சூடாவது என்று கதைகளில் எழுதுவார்களே, அது உண்மையிலேயே நடக்கிற விஷயம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"மூணு மணிக்கு முன்னால ஸ்கூல்ல இருந்து ஒரு ஃபேக்ஸ் வரவழைச்சிடுங்க. இல்லேன்னா உள்ளே விட முடியாதும்மா" என்றார் கிளார்க்.

வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். அப்பா வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அம்மா கேட்டுவிட்டு, "இண்ணைக்கு இங்க ஹர்த்தால் ஆக்கும். கடையும் ஸ்கூலும் எல்லாம் பூட்டிக் கிடக்கு" என்றாள்.

நான் அழுதேன். இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்து, ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததால் திரும்பிப் போகப் போகிறோம் என்று நினைக்கத் தாங்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பூத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அம்மா போட்ட கஞ்சி கன்னத்தைக் கீறியதுதான் மிச்சம்.

இனி அங்கே நடந்ததெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. (ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.) போனை வைத்த உடனே எங்கள் தலைமை ஆசிரியை வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். டீச்சர் அப்போதுதான் துணி அலச உட்கார்ந்திருந்தார்.

"சீல் ஸ்கூளிலல்லே சேச்சீ" என்று டீச்சர் தயங்கினார்.

"தாக்கோல் டீச்சருக்க கையிலதானே உண்டு. வண்டியை எடுங்க, நான் பின்னால இருக்கேன்."

டீச்சர் ஈரக் கையோடு சாவியை எடுத்தார். இருவரும் ஸ்கூலைத் திறந்து, சான்று எழுதி, சீல் குத்தி, ஸ்கூட்டரில் பனச்சமூட்டைப் பார்த்துக் கிளம்பினார்கள். வழியில் ரோட்டில் கல் அடுக்கிவைத்து ஹர்த்தால்காரர்கள் மறித்தார்கள். அம்மா இறங்கவே இல்லை.

"மெடிக்கல் அவசரம் ஆக்கும். பிள்ளைக்க உயிர் போற காரியம். கல்லை மாத்துங்க மக்கா."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கல்லை நகர்த்தினார்கள். அதில் ஒருவர் ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாராம்.

பனச்சமூட்டில் கேரளக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஷட்டர் இறங்கியிருந்தது. ரோட்டைக் கடந்தால் தமிழ்நாடு, அங்கே ஒரு குறைவும் இல்லாமல் வியாபாரம் நடந்தது. ஃபேக்ஸ் கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு எதிர்ப்பக்கத்து ஹர்த்தாலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் டீச்சரும் ரோட்டைக் கடந்தார்கள், நான் பிழைத்தேன்.

இரண்டே முக்காலுக்கு ஃபேக்ஸ் வந்து சேர்ந்தது. மொத்தம் மூன்று வரி. இந்த ஸ்கூலில் படித்தாள். நடத்தை நன்று. மேற்கண்டவை உண்மை. கிளார்க் அதை என் கோப்பில் வைத்தார். பிறகு அச்சனுடைய நான்கு பக்கங்களையும் எடுத்து அதோடு சேர்த்துக் குத்தினார்.

"சார், அது வேண்டாம்" என்றேன்.

"கிடக்கட்டும்மா. எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கார்" என்று கோப்பை உள்ளே அனுப்பிவிட்டார்.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் நரைத்த குட்டை முடியோடு ஒரு அம்மையார். நான் 'ஏழை எளியோருக்குச் சேவை செய்வதே என் வாழ்வின் இலட்சியம்' என்று தொடங்கும் பதிலை மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று, கை அசைவெல்லாம் சேர்த்து. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"ஒரு சான்று மூணு வரி, இன்னொண்ணு நாலு பக்கம். நான் நாலு பக்கத்தையும் படிச்சிட்டேன்" என்றார். "கழுதைக்குள்ள பின்னங்காலா நின்னா என்ன தெரியும்?"

மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. வாயில் வந்தது ஊர்ப் பேச்சு.

"ஒண்ணும் தெரியாது மேடம். முன்னங்கால் ஜாஸ்மினுக்க முதுகு மட்டும் தெரியும்."

"அப்புறம் எப்படி நடப்பே?"

"அவளுக்க இடுப்பைப் பிடிச்சிருப்பேன். இடுப்பு அசையும்போ எந்தக் காலுன்னு தெரியும்." இதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே எழுந்து, இடுப்பை வளைத்துக் குனிந்து, கஞ்சிச் சேலை மொறுமொறுக்க நான்கு எட்டு நடந்து காட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து உள்ளே வந்தார் கிளார்க். என்னை அந்தக் கோலத்தில் கண்டதும் வந்த வேலையைச் சொல்லாமலே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"முன்னங்கால் தப்பா வச்சா?" என்றார் அம்மையார்.

"ஒரு வருஷம் வச்சா மேடம். ஸ்டேஜில இருந்து கீழே விழுந்தோம். எனக்க முதுகில இருந்த மரியாளும் விழுந்தா. யோசேப்பு பயந்து ஓடிட்டான். நான்தான் கழுதைக்குள்ள இருந்து வெளியே வந்து, மரியாளுக்க முட்டைக் கழுவி, எனக்க வாலைக் கிழிச்சு முட்டைச் சுத்திக் கட்டினேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மரியாளுக்கு ஏதும்மா முட்டை?" என்றார் ஓரத்தில் இருந்த டாக்டர்.

எங்கள் ஊரில் முழங்காலுக்கு முட்டு என்று பெயர். அது எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிப் புரியவைக்க எனக்குத் தமிழ் வரவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, முழங்கால் இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டி, "இதாக்கும் மேடம் முட்டு" என்றேன். அம்மையார் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பயந்துபோய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

வெளியே வந்து, எல்லாம் போயிற்று என்று அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அப்பா, உறைகளின் முகவரியைப் பார்த்துப் பழகிய கண்ணால், மேலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே கீழே வந்தார். கடைசிக்கு முந்தின பெயரில் விரல் நின்றது. வெகு நேரம் விரலை எடுக்கவே இல்லை.

"பின்னாலதான் நிக்கே மக்கா" என்றார். "உனக்குப் பழக்கம் உள்ள இடமாக்கும்."

இப்போது நான் நெய்யாற்றின்கரையில் எலும்பு டாக்டர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. சாயங்காலம் அம்மா போன் செய்தால் முதல் கேள்வி, "இண்ணைக்கு எத்தனை முட்டை பாத்தே?" என்பதுதான். எண்ணிக்கை சொன்னால்தான் அடுத்த பேச்சு.

தொலைந்த ஆங்கிலத் தாள் அப்பா ஓய்வு பெற்ற வருடம் கிடைத்தது. அம்மா அலமாரியை ஒதுக்கும்போது, அப்பாவின் கல்யாணக் கோட்டின் உள்பையில் நான்காக மடித்து இருந்தது. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான், கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை அவர் தொட்டதே இல்லையே. நான்காவது வரியில் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஸ்கூல் என்று எழுதியிருந்தது. இனியாவது அப்பா வெட்கப்படுவார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம்.

"இது அண்ணைக்குக் கையில இருந்திருந்தா நீ மூணு வரியோட போயிருப்பே" என்றார் அப்பா. "மூணு வரிக்கு யாரு சீட்டு தருவா? நான் தொலைச்சதினாலதான் நீ டாக்டர்."

மறுநாளே பாறசாலைக்குப் போய் அதை லேமினேட் செய்துகொண்டு வந்தார். இப்போது அது எங்கள் வீட்டு முன்னறையில், என் எம்.பி.பி.எஸ். சான்றிதழுக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு விரல் உயரத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் கீழே இருப்பதைத்தான் முதலில் படிக்கிறார்கள். அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில் ஒரே வரி: தொலைத்துக் கொடுத்தவர், ஞானதாஸ், தபால்காரர்.