அக்கா நிச்சயதார்த்தத்தில் நான் ஆற்றிய சுற்றுச்சூழல் உரை

புதிதாக எதையாவது படித்துவிட்டால் அதை யார் தலையிலாவது கட்டாமல் என்னால் இருக்க முடியாது. வியாதிதான், ஒப்புக்கொள்கிறேன். அது நன்றாக முற்றியிருந்த நாளில்தான் என் அக்காவின் நிச்சயதார்த்தம் நடந்தது.

அப்போது நான் சென்னையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. எரிசக்திச் சந்தையும் சுற்றுச்சூழல் கொள்கையும் என்று ஒரு பாடம் எடுத்திருந்தேன். (மற்ற பாடங்களில் இடம் நிரம்பிவிட்டது. கொள்கைப் பிடிப்பெல்லாம் கிடையாது.) மூன்றே மாதத்தில் உலகத்துப் புகைக்கெல்லாம் நானே பொறுப்பு என்ற நினைப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்த பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கார்பன் வரியை விளக்கினேன். அவர் விருதுநகர் வரை தூங்குவதுபோல் நடித்தார்.

எங்கள் வீடு நாரணாபுரத்தில். அக்கா அங்கே ஒரு பட்டாசு ஆலையில் மத்தாப்பு பாக்கெட் போடும் வேலை பார்த்தாள். மாப்பிள்ளைக்குத் தாயில்பட்டி, இன்னொரு ஆலையில் ஃபோர்மேன். அவருடைய அம்மாவும் பட்டாசு வேலைதான். அன்றைக்கு எங்கள் வீட்டில் கூடியிருந்தவர்களில் பட்டாசால் சோறு தின்னாதவர் ஒருவருமில்லை, என்னையும் சேர்த்து. நான் மட்டும் கோட் போட்டிருந்தேன். (மே மாதம். சிவகாசிப் பக்கம். கோட்!)

தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையின் அம்மா சந்தோஷமாகச் சொன்னார். "தாலி கட்டுறப்ப எங்க ஆளுக பத்தாயிரம் வாலாச் சரம் போடணும்ங்காக. தாயில்பட்டி வரைக்கும் கேக்கணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்தேன்.

"மன்னிக்கவும். இந்தத் திருமணத்தில் பட்டாசு வெடிப்பதை நான் ஆதரிக்கவில்லை." (ஊர்த் தமிழ் அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது.)

அப்பா என் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. புகை, காற்று, நுரையீரல் என்று போய்க்கொண்டே இருந்தேன். கார்பன் என்ற சொல் மட்டும் இருபது தடவை வந்ததாக அப்பா இன்றைக்கும் சொல்வார். கடைசியில், வகுப்பில் படித்த ஒரு தத்துவத்தை அப்படியே தமிழாக்கிப் போட்டேன்.

"மாசு உண்டாக்குபவரே செலவை ஏற்க வேண்டும்!"

மாப்பிள்ளையின் சித்தப்பா நிமிர்ந்தார். "செலவெல்லாம் போன வாரமே பேசி முடிச்சாச்சே. இப்ப என்ன புதுசா?"

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் செலவு பெரிதாகப் படவில்லை. "மாசுன்னு யாரைத் தம்பி சொல்லுதீக?"

"அதாவது... வெடிப்பவர்... தயாரிப்பவர்..."

"அப்ப நாங்கதான். ஒங்க அக்காளுந்தான்." இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். நகக்கண்களில் எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளி நிறத் தூள். "பொகை கெடுதல்னு எங்களுக்குத் தெரியாதா? நித்தம் வெடிமருந்துக்குள்ளதான கெடக்கோம். ஆனா சம்பந்தம் பேச வந்த எடத்துல எங்கள அளுக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அவர் எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். பழத்தட்டுகள் அப்படியே இருந்தன. அடுப்படி வாசலில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

உள் அறையிலிருந்து அக்கா வந்தாள்.

"அத்தே, இருங்க. அவன் பேசல, ஒப்பிச்சான். சின்னப்பிள்ளையில வாய்ப்பாடும் இப்படித்தான், நடுவுல நிறுத்தத் தெரியாது." என் பக்கம் திரும்பினாள். "ஏலே, அந்தக் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு எல்லாருக்கும் காப்பி கொண்டா."

கொண்டுவந்தேன். அவசரத்தில் சித்தப்பாவின் வேட்டிக்கும் கொஞ்சம் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கி ஊதினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காப்பியில ஆவி வருதே. இதுக்கு ஏதும் வரி உண்டா தம்பி?"

வீடே சிரித்தது. அவர் உட்கார்ந்தார். தட்டு மாறியது.

பின்பக்கம் நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒங் காலேஜுல, அக்கா என்ன வேலை பாக்கான்னு கேட்டா என்னலே சொல்லுவே?"

'பேக்கேஜிங் துறையில் இருக்கிறாள்' என்று காலேஜில் சொல்லி வைத்திருந்தேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து மச்சானுக்கு நான் 'கார்பன் மாப்ளே'. போன மாதம் அக்கா மகளுக்கு இருக்கன்குடி கோயிலில் மொட்டை போட்டபோதும், கூட்டத்துக்கு நடுவில் என்னை நிறுத்தி, "கார்பன் மாப்ளே, பொங்கல் அடுப்பைப் பத்த வைக்கட்டுமா? உத்தரவு உண்டா?" என்று கேட்டார். அவருடைய அம்மா காப்பிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். வருஷா வருஷம் நான் கொட்டிய காப்பி கூடிக்கொண்டே போகிறது. இந்தத் தடவை சித்தப்பா வேட்டியையே மாற்றவேண்டியதாயிற்று. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அக்கா மட்டும் இந்தக் கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தால், பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போவதாக எழுந்து போய்விடுகிறாள்.