அரைச்சுற்று ஆசாமிகள்

வாசகரே, ஸ்பேனரைக் கண்டால் கை அரிக்கும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. அரைச்சுற்று ஆசாமிகள் என்று அவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எந்தக் கோளாறுக்கும் அவர்களிடம் ஒரே வைத்தியம்தான்: ஏதாவது ஒரு நட்டை இன்னும் அரைச்சுற்று முறுக்குவது. தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா? அரைச்சுற்று. அதற்குப் பிறகு குழாய் ஒழுகாது. பீறிட்டு அடிக்கும்.

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து ரத்தோட்டையில் கணக்குப் படிப்பித்த நடராஜா மாஸ்டர் இந்த இனத்தில் முதல்தரம். அவருடைய பழைய காரில் கிளச் கேபிள் நூல்நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பி தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். மாஸ்டரோ ஞாயிறுதோறும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பொனட்டுக்குள் தலையை விட்டு, கேபிள் நுனியிலிருக்கும் நட்டை முறுக்கி, பெடலை மிதித்துப் பார்த்து, "பூ மாதிரி இருக்கு!" என்று பூரித்துவிட்டு, மறுபடியும் போய் அந்தப் பூவை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வருவார்.

"புதுசா ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்," என்பார் மனைவி மங்களேஸ்வரி.

"கம்பியில இன்னும் உசுரு இருக்கு."

"அது போறப்ப நம்மளையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்!"

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு ஸைனம்புவுக்குப் பிரசவ வலி கண்டது. கணவர் வியாபாரத்துக்காகத் தம்புள்ளைக்குப் போயிருந்தார். மங்களேஸ்வரி அவளைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார். மாஸ்டர் எங்கே? பொனட்டுக்குள்.

"மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும். அரைச்சுத்து முறுக்கிட்டா நல்லது."

"அல்லாஹ்வே! மாஸ்டர், புள்ள வந்துரும் போல இரிக்கி!"

சந்திக்குச் சந்தி தார்ப்பீப்பாய்களை வைத்து இராணுவம் சோதனை போட்ட யுத்த காலம் அது. அங்கே வண்டியை மெல்ல நிறுத்த வேண்டும். மெல்ல என்பதுதான் முக்கியம். முதல் பீப்பாயைக் கண்டதும் மாஸ்டர் கிளச்சை மிதித்தார். டக்! கேபிள் அறுந்தது. பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. பிரேக்கை அழுத்தியும் கார் ஒரு துள்ளுத் துள்ளி, பீப்பாயை உருட்டிவிட்டுத்தான் நின்றது.

நாலு துப்பாக்கிகள் திரும்பின. மாஸ்டர் இரண்டு கைகளையும் தூக்கினார். கை முழுக்கக் கிரீஸ். சிங்களமும் மறந்து, தமிழும் மறந்து போயிற்று. நல்லவேளையாக ஸைனம்பு அலறினாள். அந்த அலறலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. துப்பாக்கிகள் தாழ்ந்தன.

"மொகத?" என்ன நடந்தது என்று கேட்டார் சார்ஜன்ட்.

"கிளச் கேபிள், சேர்."

சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. தன் அப்பா லொறி ஓட்டியவர் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்தார். ஐயையோ, இவரும் அரைச்சுற்று!

பொனட்டுக்குள் இரண்டு தலைகள் நுழைந்தன. முடிச்சுப் போட்டு இழுக்கலாம் என்றது ஒன்று. நட்டைத் தளர்த்தி முறுக்கினால் போதும் என்றது மற்றது. நாடு இருந்த நிலையில், அன்றைக்குத் தமிழும் சிங்களமும் அவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் பேசியிருக்காது.

மங்களேஸ்வரி யாரையும் கேட்கவில்லை. சோதனைக்கு நின்ற மாத்தளை பஸ்ஸில் ஸைனம்புவை ஏற்றி, தானும் ஏறி, முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, "நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!" என்று ட்ரைவரை விரட்டினார். பஸ் புறப்பட்ட சத்தம் பொனட்டுக்குள் எட்டவில்லை.

காரை அங்கேயே விட்டுவிட்டு மாலையில் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏதாவது ஆகியிருந்தா என்னாலதானேம்மா..."

"ஒண்டும் ஆகல்லயே மாஸ்டர்," என்று ஸைனம்பு சிரித்தாள்.

மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் கை ஊன்றினார். கட்டில் லேசாக ஆடியது. அவர் பார்வை மெல்லக் கட்டில் காலுக்கு இறங்கியது.

"மங்களம்... இந்த நட்டு..."

"தொட்டீங்கன்னா தெரியும்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், 'மாஸ்டர் முறுக்கியது அதிகம், நானாக இருந்தால் கால் சுற்றோடு நிறுத்தியிருப்பேன்' என்று வாசிக்கும்போது ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால், என் வீட்டுக்கு வரும்போது கைகளைத் தயவுசெய்து பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.